கொத்தும் இறாத்தலும்

கூப்பன் காலத்து வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைச் சமையலறைகள் அரிசியை அளந்தே அறிந்தன, நிறுத்தறிந்தில. 4 சுண்டு ஒரு கொத்து. 32 கொத்து ஒரு புசல். கொத்தரிசி ஏறத்தாழ 2 இறாத்தலாதலின், புசல் அரிசி 64 இறாத்தலாயிற்று. அதே புசல் நெல்லோ 46 இறாத்தலே நிறுக்கும். உமி இடத்தை அடைக்குமேயன்றி நிறையைப் பெரிதுங் கூட்டாது. மாவின் நிலை இன்னுஞ் சிக்கலானது: சலித்த மாவும் அமுக்கிய மாவும் ஒரே சுண்டில் ஒரே நிறை காட்டுவதில்லை. பாண் மட்டும் இறாத்தலிலேயே விலைபோயிற்று.

அளவையின் அரசியல் 1953இல் வெளிப்பட்டது. யூலையில் கூப்பன் அரிசி கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தது. ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். 1970 தேர்தல் வாக்குறுதியும் இரண்டு கொத்து அரிசியே. நான்கு இறாத்தல் எனில் அது வாக்காளர் செவியில் ஏறியிருக்குமோ என்பது ஐயமே. கடையிற் கிலோ வந்த பின்னரும் உலையரிசி சுண்டாலேயே அளக்கப்படுகின்றது.