காகிதக் கடையிலிருந்து கலைக்கூடத்துக்கு

பழைய தில்லியின் சாவ்ரி பஜாரில் கல்யாணப் பத்திரிகை அட்டை முதல் கணக்குப் பேரேடு வரை இன்றும் காகித வியாபாரம்தான். தில்லியின் நவீன ஓவிய வரலாறும் ஒரு காகித வியாபாரக் குடும்பத்திலிருந்தே கிளைத்தது. எழுதுபொருள் விற்பனையும் அச்சுத் தொழிலும் செய்துவந்த குடும்பத்தைச் சேர்ந்த ராம் சந்த் ஜெயின், 1936இல் கனாட் பிளேஸில் தூமிமல் கலைக்கூடத்தைத் தொடங்கினார். நாட்டின் மிகப் பழைய தனியார் நவீன ஓவியக்கூடங்களில் அது ஒன்று.

ஆனாலும் சுவரில் முதல் மரியாதை கித்தானுக்குத்தான். தாளில் வரைந்தால் அது ஒத்திகை. தாளில் அச்சிட்டால் வெறும் நகல். இந்த எண்ணத்தை அசைத்தவர்களில் முக்கியமானவர் சோம்நாத் ஹோர். 1943 வங்கப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாய்க் கிடந்தவர்களை அருகிருந்து வரைந்தவர் அவர். 1958இல் தில்லி கலைக் கல்லூரிக்கு வந்து அச்சோவியத் துறையை வளர்த்தார்.

அச்சோவியத்தின் ஒரு வகையான எட்சிங் பொறுமையைக் கேட்கும் வேலை. துத்தநாகத் தகட்டில் மெழுகுப் பூச்சு. அதை ஊசியால் கீறிக் கோடு. பிறகு தகடு அமிலத்தில் இறங்கும். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். பள்ளத்தில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத் தாளைப் பரப்பி உருளை அச்சு இயந்திரத்தில் நசுக்கி எடுப்பார்கள். ஓரத்தில் பென்சிலால் 5/20 என்று எழுதியிருந்தால், இருபது பிரதிகளில் இது ஐந்தாவது. ஒவ்வொரு முறையும் மையைக் கையாலேயே துடைப்பதால், நகல் என்ற சொல் இதற்குப் பொருந்தவே பொருந்தாது.

அந்த இயந்திரம்தான் சிக்கல். தனியொருவர் வாங்கக்கூடிய விலையில் அது இல்லை. வைக்க இடமும் வேண்டும். அதனால் அச்சோவியர்கள் கூடித்தான் வாழ்ந்தார்கள். அச்சோவியர் ஜக்மோகன் சோப்ரா 1968இல் ‘குரூப் 8’ என்ற அமைப்பைத் திரட்டினார். அச்சோவியர் அனுபம் சூத் அதில் வளர்ந்தார். 1976இல் லலித் கலா அகாடமி, கர்ஹி கிராமத்துப் பழங்கோட்டைக்குள் பட்டறைகளைத் திறந்தது. இந்தக் கூட்டு வாழ்க்கை இல்லாமல் தில்லியில் அச்சோவியம் நிலைத்திருக்காது.

பார்க்கிறவர்களைத் தேடிப் பிடிக்கவும் காகிதமே உதவியது. 1977இல் நாடக இயக்குநர் இப்ராஹிம் அல்காஸியும் ரோஷன் அல்காஸியும் திரிவேணி கலா சங்கமத்தில் ‘ஆர்ட் ஹெரிடேஜ்’ கூடத்தை ஆரம்பித்து, கண்காட்சிகளோடு கட்டுரை தாங்கிய பிரசுரங்களையும் கொண்டுவந்தார்கள். கண்காட்சி முடிந்தால் படங்கள் இறங்கிவிடும்; வீட்டு அலமாரியில் அந்தப் பிரசுரம் தங்கும்.

இந்தக் காகிதக் கதையில் ஸரினாவுக்கும் இடமுண்டு. அலிகரில் பிறந்து கணிதம் படித்த அவர், பாரிஸில் அச்சோவியம் பயின்றபின் 1968 முதல் சில ஆண்டுகள் தில்லியில் வாழ்ந்தார். பிறகு நியூயார்க்கில் குடியேறினாலும் கைத்தாளை விடவில்லை. அதில் அச்சிட்டார், ஊசியால் துளையிட்டார், கூழாக்கி வார்த்தார். பிரிவினைக்குப் பிந்தைய ஆண்டுகளில் அவருடைய குடும்பம் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. 2001இல் அவர் இந்திய-பாகிஸ்தான் எல்லைக்கோட்டை மரச்செதுக்கு அச்சோவியமாக்கினார். தலைப்பு ‘பிரிக்கும் கோடு’. கோட்டை அவர் வெட்டவில்லை. அதைச் சுற்றியிருந்த மரத்தையெல்லாம் பொறுமையாகச் சுரண்டி எடுத்தார். வெளிறிய கைத்தாளில் கறுப்பாய் வளைந்து இறங்கும் அந்த ஒற்றைக் கோடு, செதுக்கப்படாமல் விட்ட மரத்தின் தடம்.