தனிமைப்படுத்தும் கலம் (மின்னணுவியல்)

தனிமைப்படுத்தும் கலம் என்பது, சில்லு ஒன்றில் மின்வழங்கல் நிறுத்தப்பட்ட பகுதியின் உறுதியற்ற குறிகைகள் இயங்கும் பகுதிக்குள் செல்லாதவாறு தடுத்து, அவற்றுக்கு மாற்றாக 0 அல்லது 1 என்னும் உறுதியான மதிப்பை வழங்கும் சிறு மின்சுற்று ஆகும். பொறியாளர்களிடையே இது ஐசோலேஷன் செல் என வழங்கப்படுகிறது. கைபேசி போன்று மின்கலத்தில் இயங்கும் கருவிகளின் சில்லுகளில் இது பரவலாகப் பயன்படுகிறது.

தேவை

டிரான்சிஸ்டர்களின் அளவு சிறுத்தபோது, அவை வேலை செய்யாத நேரத்திலும் கசியும் மின்னோட்டம் பெருகியது. கடிகாரத் துடிப்பை மட்டும் நிறுத்தினால் இக்கசிவு நிற்பதில்லை. எனவே சில்லு பல மின்வழங்கல் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, தேவையற்ற பகுதியின் மின்சாரமே துண்டிக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, படக்கருவி பயன்படாதபோது அதற்குரிய பகுதியை முற்றிலும் அணைக்கலாம்.

அணைக்கப்பட்ட பகுதியின் வெளியீடுகள் 0, 1 ஆகிய இரண்டுக்கும் இடைப்பட்ட மின்னழுத்தத்தில் நிற்கக்கூடும். அடுத்த பகுதியிலுள்ள சீமாஸ் வாயில் அதனை உள்ளீடாகப் பெறும்போது, அதன் பி-மாஸ், என்-மாஸ் டிரான்சிஸ்டர்கள் இரண்டும் ஒரே நேரத்தில் ஓரளவு கடத்துகின்றன. இதனால் மின்மூலத்திலிருந்து நிலத்திற்கு நேரடி மின்னோட்டம் பாய்ந்து, சேமிக்க எண்ணிய மின்சாரம் வீணாகிறது. தவறான மதிப்புகள் பரவி, இயங்கும் பகுதியும் பிழைபடலாம்.

அமைப்பு

பொதுவாக மூன்று வகைகள் உள்ளன:

• ஆண்ட் வகை: வெளியீட்டை 0 ஆக்கும்.
• ஆர் வகை: வெளியீட்டை 1 ஆக்கும்.
• லாட்ச் வகை: கடைசியாக இருந்த மதிப்பையே நிலைநிறுத்தும்.

ஆண்ட் வாயில், ஒரு நாண்ட் வாயிலும் அதனைத் தொடரும் தலைகீழாக்கியும் சேர்ந்தது. கட்டுப்பாட்டுக் குறிகை 0 ஆகும்போது, நாண்ட் வாயிலில் தொடராக உள்ள என்-மாஸ் டிரான்சிஸ்டர்களுள் ஒன்று மூடிவிடுகிறது. ஆகவே மற்ற உள்ளீடு எந்த மின்னழுத்தத்தில் இருந்தாலும் நிலத்திற்கு வழி இல்லை. கலம் தானே பாதிக்கப்படாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

கலத்திற்கு எப்போதும் மின்சாரம் கிடைக்க வேண்டும். கட்டுப்பாட்டுக் குறிகையும், அது கடந்து வரும் இடைநிலைத் தாங்கிகளும் அவ்வாறே அணையாத மின்வழங்கலைப் பெற வேண்டும். அணையும் பகுதியின் உள்ளீடுகளுக்குப் பெரும்பாலும் இக்கலம் தேவைப்படுவதில்லை.

மதிப்பைத் தேர்ந்தெடுத்தல்

எந்த மதிப்பில் நிறுத்துவது என்பது, குறிகையைப் பெறும் பகுதி அதற்குக் கொள்ளும் பொருளைப் பொறுத்தது. 0 ஆகும்போது செயற்படும் மீளமைப்புக் குறிகையை 0-இல் நிறுத்தினால், இயங்கும் பகுதி மீளமைப்பிலேயே தங்கிவிடும். குறுக்கீட்டுக் குறிகையைச் செயற்படும் மதிப்பில் நிறுத்தினால், செயலி இல்லாத அழைப்புக்கு விடையளிக்க முயலும்.

சில குறிகைகளுக்கு இரு மதிப்புகளுமே பொருந்துவதில்லை. தரவுப் பாட்டையில் "பெறத் தயார்" என அறிவிக்கும் குறிகை பரிமாற்றத்தின் நடுவே 0-இல் நின்றால், அனுப்பும் பகுதி முடிவின்றிக் காத்திருக்கும். 1-இல் நின்றால், அனுப்பிய தரவு பெறப்படாமலே இழக்கப்படும். எனவே நிலுவையிலுள்ள பரிமாற்றங்களை முடித்த பின்னரே பகுதியை அணைக்க வேண்டும். இக்கலம் மின்னழுத்தச் சிக்கலைத் தீர்க்குமேயன்றி, நெறிமுறைச் சிக்கலைத் தீர்க்காது.

செயல் வரிசை

அணைக்கும்போது வழக்கமான வரிசை:

1. கடிகாரத்தை நிறுத்துதல்
2. தனிமைப்படுத்துதல்
3. தேவையான பதிவகங்களின் நிலையைச் சேமித்தல்
4. மின்சாரத்தைத் துண்டித்தல்

மீண்டும் இயக்கும்போது முதலில் மின்சாரம் வழங்கப்படுகிறது. பின்னர் மீளமைப்பும், சேமித்த நிலையை மீட்டலும் நிகழ்கின்றன. அதன் பின்னரே தனிமைப்படுத்தல் நீக்கப்படுகிறது. அதனை முன்னதாக நீக்கினால், பதிவகங்களில் தற்செயலாக அமைந்த மதிப்புகள் வெளியேறிவிடும்.

விவரிப்பும் சரிபார்ப்பும்

வெரிலாக் போன்ற வன்பொருள் விவரிப்பு மொழிகளில் எழுதப்படும் வழக்கமான நிரலில் மின்வழங்கல் பற்றிய தகவல் இருப்பதில்லை. அதை மட்டும் கொண்டு பாவனை செய்தால், எல்லாப் பகுதிகளும் எப்போதும் இயங்குவதாகவே தோன்றும். விடுபட்ட கலம் கண்ணில் படாது. இக்குறையைப் போக்க யூ.பி.எஃப் என்னும் வடிவம் 2007-இல் அக்செல்லெரா அமைப்பால் வெளியிடப்பட்டது. இது 2009-இல் ஐ.இ.இ.இ 1801 என்னும் சீர்தரமாகி, 2013, 2015, 2018 ஆகிய ஆண்டுகளில் புதிய பதிப்புகளைக் கண்டது. இதன்படி நடைபெறும் பாவனையில், அணைந்த பகுதியின் மதிப்புகள் "அறியப்படாதவை" எனக் குறிக்கப்படுவதால் கசியும் குறிகைகள் வெளிப்படுகின்றன. உருவாக்கிய சில்லில் கலம் ஒன்றைப் பின்னர் சேர்க்க இயலாது என்பதால், இச்சரிபார்ப்பு இன்றியமையாதது.