மண்ணுக்குள் இருந்த காடு



ஆப்பிரிக்காவில் நைஜர் என்று ஒரு நாடு உண்டு. பக்கத்து நாடான நைஜீரியாவோடு பலரும் அதைக் குழப்பிக்கொள்வார்கள். கடற்கரை இல்லாத ஏழை நாடு. அதன் பெரும்பகுதி சகாரா பாலைவனம். தெற்கு ஓரத்தில்தான் கம்பும் சோளமும் விளையும். மழை வருடத்தில் ஏறக்குறைய நான்கு மாதம்தான். அது பொய்த்தால் பஞ்சம்.

ஒரு காலத்தில் அந்தத் தெற்குப் பகுதியில் வயல்களின் நடுவே மரங்கள் நின்றன. பிரெஞ்சு ஆட்சியில் மரங்களெல்லாம் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்று ஆக்கினார்கள். 1960-ல் சுதந்திரம் வந்த பிறகும் அது மாறவில்லை. தன் வயலில் நிற்கும் மரத்தை வெட்டினாலும் அபராதம். தனக்குச் சொந்தமில்லாத மரத்தை யார் காப்பாற்றுவார்? மரமில்லாத வயலே நல்ல வயல் என்ற போதனையும், விறகுத் தேவையும், 1970-களின் கடும் வறட்சியும் சேர்ந்து நிலத்தை மொட்டையாக்கின. காற்று மணலை வாரிவந்து இளம் பயிரை மூடியது. விவசாயிகள் ஒரே பருவத்தில் திரும்பத் திரும்ப விதைத்தார்கள்.

1981-ல் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலிய வாலிபர் மனைவியோடு அங்கே மிஷனெரியாகப் போனார். விவசாயம் படித்தவர். மராடி என்ற ஊரில் மரம் நடும் திட்டம் அவர் கையில் வந்தது. நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை பட்டுப்போயின. மக்களுக்கும் அதில் ஆர்வமில்லை.

1983-ல் ஒரு நாள் கன்றுகளை ஏற்றிக்கொண்டு போனபோது, மணலில் புதையாமல் ஓட்டுவதற்காக டயரின் காற்றைக் குறைக்க வண்டியை நிறுத்தினார். சுற்றிலும் வெறும் நிலம். படைப்பைப் பாழாக்கியதற்கு மன்னிப்புக் கேட்டு, கண்களைத் திறக்கும்படி ஜெபித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அப்போது பக்கத்தில் இருந்த ஒரு புதரின் இலையைக் கவனித்தார். அது புதர் அல்ல, வெட்டப்பட்ட மரம் அடியிலிருந்து துளிர்த்திருந்தது. அப்படிப்பட்டவை லட்சக்கணக்கில் இருந்தன. காடு மண்ணுக்குள் உயிரோடிருந்தது!

செய்ய வேண்டியது எளிது. துளிர்களில் நேரான, பலமான சிலவற்றை விட்டுவிட்டு மற்றவற்றைக் கழிக்க வேண்டும். ஆடு மாடு மேயாமல் காக்க வேண்டும். ஏற்கெனவே ஆழமாக வேரோடியிருப்பதால் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. மரம் வளர்ந்தால் காற்றைத் தடுக்கும், நிழலால் மண்ணின் ஈரம் காயாமல் காக்கும், இலை உதிர்ந்து எருவாகும், கழித்த கிளை விறகாகும்.

மனிதர்களைத் திருப்புவதுதான் கடினமாயிருந்தது. முதலில் முன்வந்த சிலரை ஊரார் கேலி செய்தார்கள். 1984-ல் பஞ்சம் வந்தபோது, மரங்களைக் காப்பவர்களுக்கு வேலைக்குக் கூலியாக உணவு கொடுக்கப்பட்டது. பஞ்சம் தீர்ந்ததும் பலர் அந்த மரங்களை வெட்டிவிட்டார்கள். ஆனாலும் விட்டுவைத்தவர்களின் விளைச்சலை அக்கம்பக்கத்தார் பார்த்தார்கள். வளர்த்தவனே அனுபவிக்கலாம் என்று மராடியின் வன அதிகாரிகளும் விட்டுக்கொடுத்தார்கள். அதன்பின் இந்த முறை விவசாயி மூலம் விவசாயிக்குப் பரவியது. சுமார் 20 வருடங்களில் ஏறக்குறைய 50 லட்சம் ஹெக்டேரில் 20 கோடி மரங்கள் எழும்பியதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

நைஜரின் வறுமை இதனால் தீர்ந்துவிடவில்லை. பஞ்சம் பிறகும் வந்தது. ஆனால் மரமுள்ள வயல்காரனுக்கு விறகும் தீவனமும் விற்றாவது பிழைக்க வழி இருந்தது.

2018-ல் ரினாடோவுக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. அதே வருடம் அதே விருதைப் பெற்றவர்களில் யாக்கூபா சவடோகோவும் ஒருவர். பக்கத்து நாடான புர்க்கினா ஃபாசோவின் விவசாயி அவர். கோடையிலேயே இறுகிய நிலத்தில் சிறு குழிகள் வெட்டி, எரு இட்டு, முதல் மழையைப் பிடித்துவைக்கும் பழைய முறையைச் சீர்ப்படுத்திப் பயிரும் காடும் வளர்த்தார். ஒருவர் மிஷனெரி, மற்றவர் அந்த மண்ணின் மகன். இருவரும் இருப்பதையே பேணினார்கள்.

யோபு 14-ம் அதிகாரத்தை இந்த வாரம் வாசித்துப் பாருங்கள். வெட்டப்பட்ட மரத்தைப் பற்றி அங்கே ஒரு பகுதி உண்டு. நாமும் மரம் நடுகிறோம், ஊழியங்களுக்குக் கொடுக்கிறோம். நல்லது. ஆனால் கன்றுகளைச் சுமந்துகொண்டு போகும்முன், அங்கே ஏற்கெனவே என்ன துளிர்த்திருக்கிறது, அது யாருக்குச் சொந்தம் என்று அந்த ஊராரிடம் கேட்போமா?