பழவேற்காட்டில் கல்லறை இல்லாதவர்கள்

பழவேற்காடு என்றால் பூநாரையும் டச்சுக்காரன் கல்லறையும்தான் நமது சுற்றுலாப் புத்தகங்களுக்குத் தெரியும். மனுசங்களை ஏற்றுமதி செய்த துறைமுகம் அது என்று எனக்கு எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. எம்.ஏ. தமிழில் பட்டினப்பாலைக் குதிரைகளையும் மிளகு மூட்டைகளையும் மனப்பாடம் செய்ததோடு சரி.

போன தை மாதம், ஏரிக்கு வடக்கே ஒரு குப்பத்திலிருந்து பாய்ப்படகில் ஊருக்கு வந்தேன். ஒட்டுப்போட்ட பாய், பின்னாலிருந்து வாடைக்காற்று. காற்று விழுந்தால் கழி ஊன்றித் தள்ளவேண்டியதுதான், பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர். படகு ஓட்டிய தம்பி நம்ம சேரிப் பையன். படகு அவருடையதில்லை.

"வலை போட மொறை வெச்சிருக்காங்கண்ணா, பாடுன்னு பேரு. எங்காளுங்களுக்கு அதுல பங்கு இல்ல. சேத்துல எறங்கி கையால தடவித்தான் எறா புடிப்போம்."

இந்த ஆழத்தில் கப்பல் வராது. வெளிக்கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். மணல் அடைக்கும் முகத்துவாரத்தைத் தாண்டிச் சின்னப் படகுகளில்தான் சரக்கு போகவேண்டும். துணி மூட்டை அப்படித்தான் போனது. ஆட்களும் அப்படித்தான் போனார்கள்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே காலூன்றியது 1610இல். 1613இல் கெல்ட்ரியா கோட்டை. இங்கே துணி வாங்கி, மொலுக்கா தீவுகளில் அதைக் கொடுத்து வாசனைச் சரக்கு வாங்குவது அவர்கள் வியாபாரம். 1621இல் பாண்டா தீவுகளின் சனங்களைக் கொன்றும் விரட்டியும் ஜாதிக்காய்த் தோட்டங்களைப் பிடித்தார்கள். அந்தத் தோட்டங்களுக்கும், புதிதாகக் கட்டிய பட்டேவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) ஆள் வேண்டியிருந்தது. 1622-23இல் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து சுமார் 1,900 பேர் அடிமைகளாக ஏற்றப்பட்டார்கள். 1659-61இல் தஞ்சைச் சீமை பீஜப்பூர்ப் படையெடுப்பிலும் பஞ்சத்திலும் சிக்கியபோது, நாகப்பட்டினம், பழவேற்காடு உள்ளிட்ட துறைகளிலிருந்து 8,000 முதல் 10,000 பேர் வரை. இலங்கைக்கு, மலாக்காவுக்கு, பட்டேவியாவுக்கு.

பஞ்சம்தான் காரணம் என்று எழுதுகிறவர்கள் அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை. பஞ்சத்தில் முதலில் யார் வீட்டு அடுப்பு அணையும்? குதிர் நிறைய நெல் வைத்திருந்தவனா பிள்ளையை விற்றான்? நிலத்தோடு சேர்த்துக் கைமாறிக்கொண்டிருந்த பண்ணையாள் இங்கே ஏற்கெனவே இருந்தான். ஆளை விலைக்கு வாங்கலாம் என்பதை டச்சுக்காரன் வந்து நமக்குச் சொல்லித் தரவில்லை. ஏறினவர்களில் நம்மவர்களே அதிகம் இருந்திருப்பார்கள் என்பது என் முடிவு. கம்பெனிக் கணக்கு தலையைத்தான் எண்ணியது.

கரையேறிக் கல்லறைக்குப் போனேன். வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள், தொல்லியல் துறையின் காவல். கற்களில் வியாபாரிகளின் பேரும் தேதியும் இன்னும் படிக்கிற மாதிரி இருக்கின்றன.

ஏற்றப்பட்டவர்களின் பேரைத் தேட வேறு கரைக்குப் போகவேண்டும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், டச்சுக் காலத்து ஆவணங்களில் அடிமைகளின் பேருக்குப் பின்னால் 'வான் கோரமண்டல்' என்று எழுதியிருக்கிறது. கோரமண்டல் என்றால் நம் சோழமண்டலக் கரை. முன்னால் இருக்கும் பேர் பெரும்பாலும் எசமான் வைத்தது. அந்தப் பட்டியல்களைத் தமிழில் கொண்டுவரும் வேலையை ஆய்வு மாணவர்கள் யாராவது எடுத்துக்கொள்ளலாம்.