மயிர் களையும் மருந்து

மயிர் என்னும் சொல்லை அவையில் உரைக்க நாம் கூசுகிறோம். திருவள்ளுவரோ மானம் என்னும் அதிகாரத்திலேயே அச்சொல்லை ஆண்டிருக்கிறார். சொல்லை ஒதுக்கிய நாம் அதனைச் சார்ந்த அறிவையும் ஒதுக்கிவிட்டோம். அக்குளிலும் மறைவிடத்திலும் வளரும் மயிரை எவ்வாறு பேணுவது என்று தாயர் மகளிரிடம் பேசுவதில்லை. தந்தையரும் மைந்தரிடம் பேசுவதில்லை. பிறந்த ஊரை விட்டு வந்த குடும்பங்களில், சொல்லித் தரும் பாட்டியும் அருகில் இல்லை. பிள்ளைகள் விளம்பரங்களைக் கண்டு கற்கின்றனர்.

ஆயுர்வேத நூல்கள் இவ்வாறு கூசவில்லை. தலைமயிர், தாடி, உடல்மயிர், நகம் ஆகியவற்றைப் பக்கத்துக்கு மும்முறை களைக என்று சரக சங்கிதை ஒழுக்கம் கூறுமிடத்தில் விதிக்கிறது. காமசூத்திரமும் நகரமாந்தனின் நாட்கடன்களுள் மறைவிடம் மழித்தலை ஐந்தாம் நாளுக்கோ பத்தாம் நாளுக்கோ வைத்தது.

சுசுருதரிடம்தான் இச்செய்தி விரிவு பெறுகிறது. அவர் இதை ஒப்பனையாகக் கருதவில்லை. புண்ணுக்குரிய அறுபது மருத்துவ முறைகளுள் மயிர் வளர்த்தல் ஒன்று, மயிர் நீக்கல் மற்றொன்று. மயிர் அடர்ந்த இடத்துப் புண் செவ்வனே ஆறாதாயின், சவரக்கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி இவற்றால் மயிரைக் களைக என்கிறார். வளர்ப்பதற்கோ யானைத் தந்தத்தைக் கரியாக்கி இரசாஞ்சனத்தோடு பூசச் சொல்கிறார். பூசினால் உள்ளங்கையிலும் மயிர் முளைக்குமாம்! ஆசிரியருக்கும் சற்றே மிகைபடக் கூறும் விருப்பம் இருந்தது போலும்.

கத்தியும் இடுக்கியும் மருத்துவக் கருவிகளாக இருந்ததை நம் நாட்டு வழக்கும் காட்டும். தமிழகத்தில் மழிக்கும் தொழில் செய்தோர் கட்டி கீறினர், புண் ஆற்றினர். அவர்தம் மகளிர் மகப்பேறு பார்த்தனர். மருத்துவர், மருத்துவச்சி என்னும் பெயர்கள் அவர்களுக்கு வழங்கியது அதனாலேயே. பெயரை வழங்கிய நாமே அவர்களைத் தாழ்வாக நடத்தினோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

கருவியின்றிக் களையவும் சுசுருதர் வழி கூறினார். சங்குப்பொடி இரண்டு பங்கு, அரிதாரம் ஒரு பங்கு, புளித்த காடியில் அரைத்துப் பூசுவது அது. கூத்தர் முகப்பூச்சுக்குப் பெயர் தந்த அதே மஞ்சள் அரிதாரம்தான். சுண்ணமும் அரிதாரமும் நீரில் கலந்தால், மயிருக்கு உறுதி தரும் கந்தகப் பிணைப்பு அறுபட்டு மயிர் குழைந்துவிடும். துருக்கியக் குளியல் மனைகளிலும் இக்கூட்டு ருஸ்மா என வழங்கிற்று. இக்காலக் களிம்புகளும் தயோகிளைகோலிக் அமில உப்பினால் அப்பிணைப்பையே அறுக்கின்றன.

ஆனால் அரிதாரம் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த பொருள். ஆர்சனிக் புற்றுநோய் விளைக்கும் நஞ்சு என்பது இன்று ஐயமற்ற உண்மை. பழைய நூலில் உள்ளது என்பதற்காக இதனை வீட்டில் அரைத்து, மெல்லிய தோலுள்ள மறைவிடத்தில் பூசுவது பெருந்தீங்கு. நம் பெண்டிர் பூசிய கஸ்தூரி மஞ்சளும் பயற்றமாவும் அத்தகையன அல்ல. அவை மயிரை வேரறுக்கும் என்பார் கூற்றை மட்டும் நாம் ஏற்பதற்கில்லை.

மழித்தலிலும் ஒரு செய்தி உண்டு. கத்தி பட்ட தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்து கிருமி புகும். 2016-இல் உலக சுகாதார நிறுவனம், அறுவை மருத்துவத்துக்கு முன் மயிரை நீக்காது விடுக, நீக்கியே ஆகவேண்டுமாயின் மழிக்காமல் கத்தரிக்கும் கருவியால் மட்டும் வெட்டுக என்று நெறி வகுத்தது. சுசுருதர் கூறிய கருவிகள் மூன்றனுள் கத்தரிக்கோலும் ஒன்று.