ஸ்பைரோஸ் கப்பலும் ஒரு பாதுகாப்புக் கண்ணாடியும்



சென்ற தவணையில் என் மாணவன் ஒருவனின் தந்தையார் மனவருத்தத்தோடு என்னைக் காண வந்தார். பாதுகாப்புக் கண்ணாடி அணிய மறந்தமைக்காக அவர்தம் மகனைப் பட்டறை வகுப்பிலிருந்து வெளியே நிறுத்திவிட்டார்களாம். "ஒரு சிறு பலகையில் துளை போடுவதற்கு இத்தனை கெடுபிடியா, ஐயா?" என்று கேட்டார். அவரும் ஒரு மோட்டார் பட்டறையில் பணிபுரிபவர்தாம். நானோ தமிழாசிரியன், துளைப்பொறியைப் பற்றி எனக்கென்ன தெரியும்? ஆயினும் அவருக்கு விடை சொல்ல முனைந்தபோது ஒரு கப்பலின் பெயரே என் நாவில் வந்தது. ஸ்பைரோஸ்.

இளைய பெற்றோர் பலர் இப்பெயரைக் கேள்விப்பட்டதில்லை என்பதைப் பிறகே உணர்ந்தேன். அதனால் இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

ஜூரோங் கப்பல் பட்டறை 1963இல் சப்பானியக் கூட்டு முயற்சியோடு நிறுவப்பட்டது. கப்பல்களைப் பழுதுபார்க்கும் தொழில் எழுபதுகளில் சிங்கப்பூருக்குப் பெருமளவில் சோறு போட்டது. 1978 அக்டோபர் 12, வியாழக்கிழமை. நம்மவர் வீடுகளிலும் பட்டறைகளிலும் கருவிகளுக்குச் சந்தனம் பூசி, குங்குமமிட்டு ஆயுத பூசை செய்த அதே வாரம். மதிய உணவு முடித்துத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பியிருந்தனர். பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்றுப் பின், அங்கே பழுதுபார்ப்புக்காக நின்ற ஸ்பைரோஸ் என்னும் கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்தது. 76 பேர் மாண்டனர். 69 பேர் காயமுற்றனர். போருக்குப் பிந்திய சிங்கப்பூர் வரலாற்றில் இத்தனை உயிர்களைப் பலிகொண்ட தொழில் விபத்து வேறில்லை.

காரணம் என்ன? இரும்பு வெட்டும் வாயுச் சுடரிலிருந்து தெறித்த பொறி. அது கப்பலின் பின்பகுதியில், வலப்புறத்து எரிபொருள் தொட்டிக்குள் இருந்த ஆவியைப் பற்ற வைத்தது. வெடிப்பு கொதிகலன் அறையையும் எந்திர அறையையும் கிழித்துக்கொண்டு பாய்ந்தது. அங்கேதான் ஏராளமானோர் வேலை செய்துகொண்டிருந்தனர்.

இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். கப்பலை இயக்கும் கனத்த எரியெண்ணெய் எளிதில் தீப்பற்றுவதன்று. பொதுவாக 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினாலன்றிப் பற்றிக்கொள்ளும் அளவுக்கு அஃது ஆவி விடாது. ஆனால் ஸ்பைரோசின் அந்தத் தொட்டியில் இருந்த எண்ணெயோடு, கப்பல் சுமந்து வந்த கச்சா எண்ணெயும் கலந்துவிட்டிருந்தது. கச்சா எண்ணெய் நம்மூர் வெயிலிலேயே ஆவியாகும். பார்வைக்கு அதே தொட்டி, அதே கருநிற எண்ணெய். உள்ளே இருந்த ஆபத்தோ வேறு.

காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கு முதல் ஏறத்தாழப் பத்துப் பங்கு வரை எண்ணெயாவி கலந்திருந்தால் ஒரு பொறி போதும். அதனால்தான் எண்ணெய் நிரம்பிய தொட்டியைவிட, அடியில் சிறிது கசடு மட்டும் தேங்கிய "காலித்" தொட்டியே கொடியது என்று பட்டறைக்காரர்கள் சொல்வார்கள். மூக்கை நம்பலாகாது, அளவுகருவி வேண்டும். சுடர் பிடிப்பவன் தன் முன்னால் உள்ள தகட்டை மட்டும் பார்த்தால் போதாது. தகட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

இவ்விபத்திற்குப் பிறகு கப்பல் பட்டறைகளில் கட்டுப்பாடுகள் இறுகின. சுடர் வேலைக்கு எழுத்து மூலமான அனுமதி, அதற்குமுன் வாயுச் சோதனை, அருகில் தீயணைப்புக் கருவியோடு ஒரு காவலாள், தொழிலாளர்க்குப் பாதுகாப்புப் பயிற்சி என்பன வலியுறுத்தப்பட்டன. 2006இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது.

எங்கள் புளோக்கில் ஒரு முதியவர் இருந்தார். வேறொரு கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அனுமதிச் சீட்டு வரும்வரை காத்திருக்கும் நேரத்தை, "சம்பளத்தோடு கிடைத்த தேநீர் நேரம், தம்பி" என்று கேலியாகச் சொல்வார். ஆனால் மேற்பார்வையாளர் அவசரப்படுத்திய ஒரு நாளில், சீட்டு இல்லாமல் சுடரைப் பற்ற வைக்க முடியாது என்று மறுத்ததையும், அதற்காக ஒரு மாதம் மிகைநேர வேலை கிடைக்காமல் போனதையும் சிரிக்காமல்தான் சொன்னார். வீட்டில் கைச்செலவுக்குத் தட்டுப்பாடாம். அம்மையார் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லையாம்.

இவற்றையெல்லாம் அந்தத் தந்தையாரிடம் கூறினேன். அவர் கண்ணாடியைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. தம் பட்டறையில் மோட்டார் சைக்கிளின் ஓட்டை விழுந்த பெட்ரோல் டாங்கியைத் தண்ணீரால் ஒருமுறை அலசிவிட்டு வெல்டிங் வைப்பது வழக்கம் என்றார்; "அதுவும் இதே கதைதானா, ஐயா?" என்று கேட்டார்.

அதே கதைதான் என்றேன். மடிப்புகளிலும் துருவிலும் தங்கிய பெட்ரோல், சூடு பட்டதும் மறுபடி ஆவியாகும்; ஒருமுறை அலசினால் அது போய்விடாது. சோதிக்கும் கருவி உள்ளவர்களிடம் கொடுக்க வேண்டும், இல்லையேல் டாங்கியையே மாற்றிவிட வேண்டும். முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று அவர் தயங்கினார். ஸ்பைரோஸ் பற்றித் தமிழில் எழுதித் தந்தால் பட்டறையில் ஒட்டி வைப்பதாகச் சொன்னார். இக்கட்டுரை அவருக்காக எழுதத் தொடங்கியதே.