சப்வூஃபர் வந்தால் பாரம் குறையுமா?



போன மாதம் மகன் ஒரு சப்வூஃபர் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினான். "அப்பா, இதைச் சேர்த்தா உங்க பழைய ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் பாரம் குறைஞ்சிரும்" என்றான். வாத்தியார் புத்தி, உடனே நம்பவில்லை.

எழுபதுகளில் எங்கள் தளவாய்புரத்தில் கோயில் கொடை என்றால் மரத்தின் உச்சியில் குழாய் ரேடியோ கட்டுவார்கள். செட்டியார்பட்டி வரைக்கும் பாட்டு கேட்கும். ஆனால் தவில் மட்டும் தகரத்தைத் தட்டியது போல் இருக்கும். காரணம் எளிது. 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நான்கு மீட்டருக்கும் மேல். சின்னக் குழாய் அதை எப்படித் தள்ளும்?

1925-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்ற இருவர் இன்றைய காகிதக் கூம்பு ஸ்பீக்கருக்கு வழிகாட்டினார்கள். 1930-களில் சினிமாத் தியேட்டர்களில் தாழ்ந்த ஒலிக்குப் பெரிய பெட்டி, உயர்ந்த ஒலிக்குக் குழாய் என்று வேலையைப் பிரித்தார்கள். 1974-இல் 'எர்த்க்வேக்' படத்தில் பூமி அதிர்வதை ரசிகர்கள் உடம்பால் உணர வேண்டும் என்று, தனி ஆம்ப்ளிஃபயரோடு பெரும் பெட்டிகளைத் தியேட்டருக்குள் வைத்தார்கள். அதற்குச் சென்சரவுண்ட் என்று பெயர். வீட்டு சப்வூஃபரும் அதே வகைதான்.

இனி மகன் சொன்னதற்கு வருவோம். அதிர்வெண் பாதியானால், அதே சத்தத்துக்குக் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். ஆகவே தாழ்ந்த ஒலிதான் ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபயரையும் அதிகம் வாட்டுகிறது.

என்னிடம் ஒரு கேசட் இருக்கிறது. 1994-இல் பள்ளி ஆண்டு விழாவில் என் துணைவியார் பாடியது. அவர் மறைந்து நான்கு வருடமாகிறது. பக்கத்தில் ஒரு சக ஆசிரியர் மிருதங்கம் வாசித்திருக்கிறார். சத்தத்தைக் கூட்டினால், தொப்பியில் அடி விழும்போதெல்லாம் பாட்டு நடுங்கும். ஒரே கூம்பு இரண்டையும் சுமப்பதால் வரும் கோளாறு அது.

சப்வூஃபரைச் சும்மா சேர்த்துப் பார்த்தோம். அடி பலமானது, நடுக்கம் போகவில்லை. பழைய ஸ்பீக்கர் இன்னும் முழு ஒலியையும்தானே வாங்கிக்கொண்டிருக்கிறது! பிறகு சப்வூஃபருக்குள் உள்ள வடிகட்டி வழியாக, 80 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை மட்டும் ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பினோம். அப்போதுதான் அந்தக் குரல் நடுங்காமல் வந்தது. மகன் ஒன்றும் பேசாமல் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினான்.

ஆக, அவன் சொன்னது பாதி சரி. சுமக்க இன்னொரு ஆள் வந்தால் மட்டும் போதாது. முதல் ஆளின் தலையிலிருந்து சுமையை இறக்கவும் வேண்டும். வாங்குமுன் வடிகட்டி வழி வெளியே போகும் இணைப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் பழைய கேசட் கிடந்தால் தூக்கி எறியாதீர்கள்.